கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை புகட்டும் பாடம்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. அங்குள்ள சின்னமனூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்பேடுகள் நிலக்கொடையைக் கூறுகின்றன. அவ்வட்டாரத்து உழவு அத்துணைப் பழமையுடையது. 1895-இல் பெரியாறு அணை எழுந்தபின் நீர்வளம் பெருகிற்று. இன்று ஆண்டு முழுவதும் அறுவடையாகும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எனினும் புகழ் வேறு, விலை வேறு. மெல்லிய தோலுடைய இப்பழம் பறித்தபின் சில நாளே தாங்கும். ஆகவே வணிகர் சொல்லும் விலையை மறுத்துக் காத்திருக்க உழவரால் இயலாது.

பிரான்சின் தென்பகுதியிலுள்ள மரோசான் என்னும் சிற்றூரிலும் திராட்சை உழவர் விலைச் சரிவால் நலிந்தனர். அவர்கள் 1901-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 1905-இல் பொதுக் கிடங்கு கட்டினர். வடித்த மதுவைப் பாரிசு நகரத் தொழிலாளர் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு இடைத்தரகரின்றி விற்றனர்.

அவர்களிடம் நாம் கற்க வேண்டுவது மது வடித்தலன்று. காத்திருக்கும் வலிமையைப் பொதுவில் தேடிக்கொள்ளுதலேயாம். வேங்கிக்கால் உழவருக்கு அவ்வலிமை நெற்கிடங்கு; நெசவாளருக்கு அது நூல் இருப்பு. தனியொருவர் கட்டவியலாத கிடங்கைச் சங்கம் கட்டும். அதற்கு முதற்கல், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தவறாது செலுத்தும் பங்குத்தொகை.