ஜெருசலேமை நிர்வகித்தது யார்?

கேள்வி: ஒட்டோமான் காலத்தில் ஜெருசலேமைச் சுல்தானின் ஆளுநர்தானே நிர்வகித்தார்? ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன பங்கு?

பதில்: ஆளுநர் இருந்தார், ஆனால் தெருவைக் கூட்ட வைத்தவர் அவர் அல்லர். 1860களிலேயே அங்கு நகராட்சி மன்றம் அமைந்துவிட்டது. 1877ஆம் ஆண்டுச் சட்டம் அதன் தேர்தலுக்கு முறை வகுத்தது. தெருக்களில் கல் பாவுவது, கழிவுநீர், விளக்கு, 1891இல் மருத்துவமனை, பிறகு யாஃபா சாலையில் பூங்கா என எல்லாம் மன்றத்தின் பொறுப்பு. முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் யூதர்களும் அதில் உறுப்பினர்கள். ஜெருசலேம் என்றாலே மதச் சண்டை என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

இதெல்லாம் பெயருக்குத்தான் என்று சிலர் மறுப்பார்கள். சொத்து வரி கட்டிய ஆண்களுக்கே வாக்கு. தேர்வானவர்களில் தலைவர், அதாவது மேயர், யார் என்பதை அரசே முடிவுசெய்தது. பதவி ஹுசைனி, காலிதி போன்ற சில குடும்பங்களையே சுற்றி வந்தது. வெளிநாட்டுக் குடிமக்களாகவே இருந்த யூதர்கள் பலருக்கு வாக்கில்லை. அத்தனையும் உண்மை. ஆனால் சொத்து பார்த்து வாக்களிக்கும் வழக்கம் அன்று ஐரோப்பாவிலும் இருந்ததே! முதல் உலகப் போரின்போது, 1917 டிசம்பர் 9 அன்று துருக்கியப் படையும் அதிகாரிகளும் வெளியேறிய பின், நகரைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்கச் சென்றவர் மேயர் ஹுசைன் அல் ஹுசைனிதான். வெறும் பொம்மைப் பதவியாக இருந்திருந்தால், அந்த வேளையில் ஊரின் சார்பில் பேச அவர் முன்வந்திருக்க மாட்டார்.