மின்சாரம் திரும்பியதும் செயலி எழ வேண்டும்: ராமேஸ்வரம் விடுதிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தைய இரவுகளில் ராமேஸ்வரம் விடுதிகளின் முன்பதிவுப் பக்கத்துக்கு ஓய்வே இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் மின்சாரத்தை நம்ப முடியாது. விடுதியிலேயே லினக்ஸ் கணினி வைத்து அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் இவ்விரண்டையும் நினைத்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடகை சர்வர் எடுத்தால் மின்வெட்டுக் கவலை குறையும். பக்கத்தை இயக்கும் செயலி விழுந்தால் அதை எழுப்பும் பொறுப்பு அங்கும் உங்களுடையதே.

செயலியை ஓட்டும் வழிகளில் நோஹப், டிமக்ஸ் இரண்டும் சோதித்துப் பார்க்க மட்டும். கணினி அணைந்தால் செயலியும் போய்விடும். கிரானில் ‘ரீபூட்’ வரி எழுதினால் கணினியோடு செயலி எழும். நடுவில் விழுந்தால் கவனிக்க ஆளில்லை. சூப்பர்வைசரும், நோட் ஜேஎஸ்காரர்களின் பிஎம்2-வும் கவனிக்கும். ஆனால் அவற்றையே பெரும்பாலும் லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டிதான் தொடங்கி வைக்கிறது. ஒரு வாசலுக்கு இரண்டு காவலாளி எதற்கு?

என் தேர்வு சிஸ்டம்டி. 2015-இல் வந்த டெபியன் 8, உபுண்டு 15.04 முதல் அது கூடவே வருகிறது. தனியாக நிறுவ வேண்டாம். சர்வீஸ் கோப்பில் ‘ரீஸ்டார்ட்’ என்பதற்கு ‘ஆல்வேஸ்’ என்று எழுதுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. மின்சாரம் வந்ததும் தரவுத்தளம் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் செயலி எழுந்து எழுந்து விழும். இயல்பான அமைப்பில் சிஸ்டம்டி 0.1 விநாடி இடைவெளியில் மறுபடி தொடங்கும்; 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் செயலி நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடும். ‘ரீஸ்டார்ட்செக்’ மதிப்பை 5 விநாடி ஆக்கினால் இந்தச் சிக்கல் வராது. செயலியை ரூட் பயனராக ஓட்டாதீர்கள். தனிப் பயனர் கொடுங்கள். ‘மெமரிமேக்ஸ்’ வரம்பும் வையுங்கள். கூட்ட நாளில் செயலி நினைவகத்தை விழுங்கினாலும் கணினி முழுதும் திணறாது.

வெவ்வேறு பதிப்புகள் கேட்கும் பல செயலிகள் இருந்தால் டாக்கர் நல்லது. அதன் பதிவுக் கோப்புகளுக்கு இயல்பாக அளவு வரம்பு கிடையாது. வைக்காவிட்டால் சிறிய வட்டு நிரம்பிவிடும்.

எதைத் தேர்ந்தாலும், மின்சாரம் வந்ததும் கணினி தானாக இயங்கும்படி பயாஸில் அமைத்துவிடுங்கள். அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே தரவை நகலெடுத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி போடுங்கள். யாரும் கணினியைத் தொடாமல் உங்கள் கைபேசியில் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள்.