புதிய கம்ப்யூட்டரில் கேட்காமலே வந்தவை



சென்ற மாதம் லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் அலுவலகத்துக்கு வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. மகள் பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறாள். நமது டிரஸ்ட் பாதி, அவர் பாதி என்று போட்டு வாங்கிய மடிக்கணினி அது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திரையின் வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து நின்றது. "உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள்" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் வாசகம். பிள்ளை பயந்துபோய் அத்தாவின் ஃபோனிலிருந்து 1,999 ரூபாய் கட்டிவிட்டாள். "செயலாளர் பாய், வருஷா வருஷம் இப்படிக் கட்டணுமா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்" என்றார்.

கட்ட வேண்டியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. அதற்காகத்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

கடையில் வாங்கும் மடிக்கணினியில் விண்டோஸ் மட்டும் இருப்பதில்லை. 30 நாள் அல்லது சில மாதம் மட்டும் இலவசமாக ஓடும் ஆன்டிவைரஸ், விளையாட்டுகள், கடை விளம்பர இணைப்புகள், போட்டோ திருத்தும் மென்பொருள் என்று பலவும் சேர்ந்தே வரும். தங்கள் சரக்கை ஏற்றி அனுப்புவதற்காக மென்பொருள் கம்பெனிகள் கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்குப் பணம் கொடுக்கின்றன. விலை குறைந்த மடிக்கணினியில் லாபம் மிகக் குறைவு என்பதால் அந்தப் பணம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. சோதனைக் காலம் முடிந்ததும் நம்மில் எத்தனை பேர் பயந்து கட்டுவோம் என்பதில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வேறொரு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். மாணவர்களுக்கு இதுவே போதும். காலம் முடிந்த ஆன்டிவைரஸைக் கட்டவும் கட்டாமல், நீக்கவும் நீக்காமல் மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் கெடுதல்.

நீக்கும் முறை எளிது. ஸ்டார்ட் பட்டனின் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 10-இல் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'. அதைத் திறந்தால் கம்ப்யூட்டரில் உள்ள எல்லாம் வரிசையாக வரும். வேண்டாததற்கு நேரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். ஆன்டிவைரஸ் மட்டும் லேசில் போகாது. "நிச்சயமாகவா?", "சலுகை தருகிறோம்" என்று இரண்டு மூன்று திரைகள் வரும். பெரிய கலர் பட்டன் 'வைத்துக்கொள்' என்பதாகவும், 'நீக்கு' என்பது சின்ன எழுத்திலும் இருக்கும். நிதானமாகப் படியுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, பச்சை டிக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நீக்கிவிடாதீர்கள். ஒன்றை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போகவும். இன்டெல், ஏஎம்டி, ரியல்டெக், என்விடியா என்ற பெயரில் இருப்பவற்றைத் தொடாதீர்கள். 'விஷுவல் சி பிளஸ் பிளஸ்' என்று நான்கைந்து வரிகள் இருக்கும், அவையும் இருக்கட்டும், மற்ற மென்பொருள்களுக்கு அவை தேவை. தயாரிப்பாளரின் அப்டேட் மென்பொருளையும் விட்டுவிடுங்கள். ஆபீஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். சில மடிக்கணினிகளோடு ஆயுள் முழுவதற்குமான ஆபீஸ் வருகிறது, அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறீர்கள். சிலவற்றில் மாதச் சந்தாவின் சோதனைப் பதிப்பு மட்டும். பில்லையும் பெட்டியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். சோதனைப் பதிப்புதான் என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசமாகவும் ஹலாலாகவும் கிடைக்கிறது.

ஒன்டிரைவ் பற்றியும் எச்சரிக்க வேண்டும். புதிய கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் அது தானாகவே இணையத்துக்கு ஏற்றத் தொடங்கிவிடுவது உண்டு. இலவச இடம் 5 ஜிபிதான், சீக்கிரம் நிரம்பி, பணம் கட்டச் சொல்லும். எரிச்சலில் அதைத் துண்டித்தால் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் காணாமல் போனதுபோல் ஆகிவிடும். அவை இணையத்தில்தான் இருக்கும் என்றாலும், நாளை பிராஜெக்ட் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு அது கியாமத் நாள் மாதிரி. முதலில் ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஒன்டிரைவின் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள்.

இதெல்லாம் வெறும் தொல்லைதானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் நினைக்கலாம். 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. நாம் பார்க்கும் பக்கங்களுக்குள் விளம்பரத்தை நுழைப்பது அதன் வேலை. பூட்டுப் போட்ட பாதுகாப்பான பக்கங்களிலும் நுழைவதற்காக, கம்ப்யூட்டர் நம்பும்படியான ஒரு சான்றிதழைத் தானே போட்டு வைத்தது. எல்லா மடிக்கணினிக்கும் ஒரே சாவி. ஒரு தெரு முழுக்க ஒரே சாவியில் திறக்கும் பூட்டுப் போட்டதுபோல. 2015 பிப்ரவரியில் ஒரு ஆய்வாளர் அந்தச் சாவியின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டார். அதாவது, ஒரே வைஃபையில் இருக்கும் திருடன் வங்கியின் பக்கம் போலவே போலிப் பக்கம் காட்ட முடியும். மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் உள்ளே தங்கிவிட்டது என்பது இன்னும் மோசம். அதையும் சேர்த்து நீக்கத் தனிக் கருவியை லெனோவோ வெளியிட வேண்டியதாயிற்று. அமெரிக்க வணிக ஆணையத்துடன் அந்த வழக்கு 2017 செப்டம்பரில்தான் சமரசமானது.

கேட்காமல் வந்தது எல்லாமே குப்பை என்றும் சொல்ல முடியாது. அரசு மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது நமக்கு அடுத்த காக்களூரில்தான். அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. இலவசம், தமிழிலும் வேலை செய்யலாம். அது என்னவென்று யாரும் சொல்லித் தராததால், 'இடத்தை அடைக்கிறது' என்று பிள்ளைகள் விண்டோஸிலிருந்தே அந்தப் பகுதியை அழித்தார்கள். மறுமுறை போட்டால் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று ஒரு வரி மட்டும். இரண்டில் எதைத் திறப்பது என்று கேட்கும் சிறு நிரல் அந்தப் பகுதியில்தான் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு இயங்குதளம் உள்ள கம்ப்யூட்டரில் எதையும் தனியாக அழிக்காதீர்கள்.

இப்படி ஏதாவது ஆனால் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஃபார்மேட்' செய்து, கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினியில் அதன் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் மூலம் அதே பதிப்பைப் புதிதாகப் போட்டால், இணையத்தில் இணைந்ததும் தானாகவே அசலாகிவிடும். விலை கொடுத்து வாங்கிய அசலை அழித்துவிட்டுத் திருட்டுச் சரக்கைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்வதை என்னவென்று சொல்வது! கிராக்குக்குள் வைரஸ் வருவது தனிக் கதை. ஃபார்மேட் செய்யும் முன் ஃபைல்களை எடுத்து வையுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் 48 இலக்க எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரர் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டியபோதே அடுத்த ஆண்டும் தானாக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து அதை ரத்து செய்தோம். இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. இன்னொன்று, சிவப்புப் பெட்டியில் ஃபோன் நம்பர் கொடுத்து "அழையுங்கள்" என்று இருந்தால் அது மோசடி. அழைக்காதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள்.

இன்ஷா அல்லாஹ், இந்த மாதம் எல்லா ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பின் மக்ரிப் வரை டிரஸ்ட் அலுவலகத்தில் இதைச் செய்து தருகிறோம். டிரஸ்ட் கொடுத்த மடிக்கணினி என்றில்லை, யாருடையதும், எந்தச் சமுதாயத்தவருடையதும் கொண்டுவரலாம். பெண் பிள்ளைகளுக்கு மாடியில் மக்தப் அறையில் கல்லூரிச் சகோதரிகள் இருவர் இருப்பார்கள். சார்ஜரும் பில்லும் எடுத்து வாருங்கள். பாஸ்வேர்டை எங்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே அடியுங்கள்.

– செயலாளர்