செயின்ட் மேரீஸ் தீவு: படகில் கேட்கும் கதைகளும் பாறை சொல்லும் உண்மைகளும்

விடுமுறை நெருங்கினால் பெங்களூரு வீடுகளில் தீவுப் பேச்சு தொடங்கிவிடும். அந்தமானா, லட்சத்தீவா, கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பாலியா என்று கணக்குப் போடுவார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இரவுப் பேருந்து ஏறினால் காலையில் உடுப்பி. பக்கத்திலேயே மல்பே. அங்கிருந்து படகில் சுமார் 6 கிலோமீட்டர் போனால் செயின்ட் மேரீஸ் தீவுகள். கடலுக்கு நடுவே எரிமலைக் குழம்பு தூண் தூணாக உறைந்து நிற்பதைக் குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம். இப்போது நிறையக் குடும்பங்கள் போய் வருகின்றன. அவர்களோடு சேர்ந்து தவறான கதைகளும் ஊர் திரும்புகின்றன.

நம்பிக்கை: இந்தத் தூண்கள் மனிதர் செதுக்கி அடுக்கியவை.

பக்கங்கள் அவ்வளவு நேராக இருப்பதால் எழும் எண்ணம் இது. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும் பாறை, வற்றிய ஏரியின் சேறு போல வெடிக்கும். வெடிப்பு குளிர்ந்த மேற்பரப்பில் தொடங்கிச் சூடான உட்பகுதியை நோக்கி இறங்கும். அது இறங்கிய வழியெல்லாம் தூணாகப் பிரியும். இழுவிசை எல்லாப் பக்கமும் சமமாகத் தளர்வதற்கு ஆறு பக்க வடிவம் மிகவும் ஏற்றது என்பதால் அறுகோணம் அதிகம். ஆனால் எல்லாமே அறுகோணம் அல்ல. ஐந்து பக்கத் தூணும் ஏழு பக்கத் தூணும் உண்டு. குழந்தைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். உளியும் அளவுகோலும் பிடித்த கை இப்படி மாற்றி மாற்றிச் செதுக்காது. வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே கடற்கரையில் நிற்கும் தூண்களும் இதே முறையில் உருவானவைதான். அவற்றை ஓர் அரக்கன் கட்டினான் என்பது அந்த ஊர்க் கதை.

இன்னொரு சிறிய திருத்தம். இவை பசால்ட் பாறைகள், மகாராஷ்டிரத்துத் தக்காண எரிமலைப் படிவுகளின் தொடர்ச்சி என்று பலரும் எழுதுகிறார்கள். இரண்டும் சரியல்ல. இவை சிலிக்கா மிகுந்த ரையோலைட், டேசைட் வகைப் பாறைகள். வயதும் பொருந்தாது. தக்காணப் படிவுகளுக்குச் சுமார் 6.6 கோடி ஆண்டு, இந்தத் தீவுகளுக்கு ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டு.

அந்த 8.8 கோடியில்தான் இந்தத் தீவின் பெரிய செய்தி இருக்கிறது. தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

நம்பிக்கை: இந்தியாவையும் மடகாஸ்கரையும் இணைத்திருந்த லெமூரியா கண்டம் கடலில் மூழ்கியது, அதுவே குமரிக் கண்டம்.

லெமூரியா என்ற பெயரை 1864இல் முன்வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். மடகாஸ்கரில் லெமூர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உறவான தேவாங்கு நம் திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது. நடுவே அகன்ற கடல். அப்படியானால் இடையில் இருந்த நிலம் மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். கண்டங்கள் நகரும் என்று எவருக்கும் தெரியாத காலத்தில் அது நியாயமான ஊகமே. 1912இல் ஆல்ஃபிரட் வேகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் கடல்தரை ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. அத்தோடு லெமூரியாவை அறிவியல் கைவிட்டது. நம்மில் பலர் கைவிடவில்லை.

உண்மையில் நடுவில் எந்தக் கண்டமும் மூழ்கவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன, ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளந்தன. பிளவின் வழியே பீறிட்ட எரிமலைக் குழம்பின் மிச்சம்தான் மல்பேவுக்கு எதிரே நிற்கும் இந்தத் தூண்கள். கிட்டத்தட்ட அதே வயதுள்ள எரிமலைப் பாறைகள் மடகாஸ்கரிலும் இருக்கின்றன. பிரிந்த இந்தியா வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கி, இமயத்தை எழுப்பியது. மொரீசியஸ் தீவுக்கு அடியில் பழைய கண்டத் துண்டு இருப்பதற்கான தடயம் 2013இல் வெளியானபோது, லெமூரியா கிடைத்துவிட்டது என்று பலர் கொண்டாடினார்கள். அது பிளவின்போது உதிர்ந்த சிறு துண்டு, மனிதர் வாழ்ந்த நாடல்ல. நம் மனித இனத்தின் வயதே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுதான்.

சங்க இலக்கிய மரபு பேசும் கடல்கோள் வேறு விஷயம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பிறகு கடல் ஏறியபோது கரையோர நிலங்கள் மூழ்கின. தமிழ் நினைவில் உள்ள கடல்கோளை ஆராய விரும்புவோர் அந்தக் கரையோரத்தில் தேடலாம். அதற்கு லெமூரியா தேவையில்லை. தவறான சான்றைக் காட்டி வாதாடினால் நம் மரபுதான் மதிப்பிழக்கும்.

எரிமலை மறுபடி வெடிக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வெடிக்காது. இந்தியா நகர்ந்து வந்துவிட்டது. அந்தக் குழம்பை அனுப்பிய எரிமலை வெப்பப் புள்ளி, தென்கோடி இந்தியப் பெருங்கடலில் மரியன் தீவுப் பக்கம் இருக்கிறது.

நம்பிக்கை: 1498இல் வாஸ்கோ ட காமா முதலில் இங்கே இறங்கிச் சிலுவை நட்டு, பிறகு கோழிக்கோடு போனார்.

இது வழிகாட்டிகளும் சுற்றுலா ஏடுகளும் ஓயாமல் சொல்வது. காமாவோடு பயணித்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. அதன்படி மே மாதம் கோழிக்கோட்டை அடைந்த கப்பல்கள் ஆகஸ்ட் இறுதியில் அங்கிருந்து கிளம்பின. செப்டம்பர் 15 அன்று, வடக்கு நோக்கித் திரும்பும் வழியில், கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த சிறு தீவு ஒன்றில் கல்தூண் நட்டு சாண்டா மரியா என்று பெயரிட்டார்கள். இந்தத் தீவுக்கூட்டத்தின் பெயர் அதிலிருந்து வந்தது என்பதே வழக்கு. ஆக, இங்கே நடப்பட்டது வருகையின் அடையாளம் அல்ல, திரும்பிப் போகும்போது விட்டுச்சென்றது. இன்று அந்தத் தூண் அங்கே இல்லை.

நம்பிக்கை: மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் இந்தக் கடலில் ஆபத்தில்லை.

தென்மேற்குப் பருவமழையில் படகுகளை நிறுத்திவிடுவார்கள். செப்டம்பர் வரை அப்படித்தான். ஆனால் 2022 ஏப்ரலில், மழைக்காலம் அல்லாத கோடை நாளில், கேரளத்திலிருந்து வந்த மூன்று கல்லூரி மாணவர்கள் இந்தத் தீவில் கடலில் மூழ்கி இறந்தார்கள். தூண்கள் நீரின் விளிம்பில் பாசி படிந்து வழுக்கும். பாறை முடிந்த இடத்தில் ஆழம் சட்டென்று தொடங்கும். படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளைக் கடைசித் தூணில் ஏற்றாதீர்கள். காவலர் விசில் ஊதினால் உடனே கேளுங்கள். தீவில் யாரும் குடியிருக்கவில்லை, இரவு தங்கவும் அனுமதியில்லை. அதனால் தண்ணீரும் வழுக்காத செருப்பும் கையோடு இருக்கட்டும்.

ஒரு கைப்பிடிச் சிப்பி எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். கரை முழுக்கச் சிப்பியும் சங்கும்தான், உண்மை. வருகிற ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி எடுத்தால் எவ்வளவு போகும் என்று பாருங்கள். காலிச் சங்குகள் துறவி நண்டுகளுக்கு வீடு. நண்டு வளர வளரப் பெரிய சங்கு தேடும். கிடைக்காவிட்டால் அதன் மென்மையான உடலுக்குக் காப்பு இல்லை. தூணிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்தாலோ அது நிரந்தர இழப்பு. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம் இது.

பெங்களூரு லால்பாக் பாறைக்கும் அதே தகுதி உண்டு. அதற்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. மல்பே போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அந்தப் பாறைமேல் உட்காரவைத்து, கண்டங்கள் நகர்ந்த கதையைச் சொல்லுங்கள். படகு ஓடுகிறதா என்று மல்பேயில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு பேருந்துச் சீட்டு போடுங்கள்.