மரப்பட்டைக் கடிதங்களின் ஊர்

ரஷ்யாவின் வடபகுதியில் ஒரு பழைய ஊர் இருக்கிறது. அதன் பெயர் நோவ்கொரோத். பெயருக்குப் பொருள் 'புதிய ஊர்'. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதான ஊருக்கு இப்படி ஒரு பெயர்! 1999ஆம் ஆண்டு முதல் இதை 'வெலிக்கி நோவ்கொரோத்' என்று அழைக்கிறார்கள். வெலிக்கி என்றால் பெரிய, பெருமை மிக்க என்று பொருள்.

ஊரின் நடுவே வோல்கோவ் ஆறு ஓடுகிறது. ஒரு கரையில் கோட்டை. மறு கரையில் பழைய சந்தைப் பகுதி. நடந்து செல்ல ஒரு பாலம் உண்டு. ஊர் பார்க்க வருகிறவர்கள் முதலில் கோட்டைக்குத்தான் போவார்கள். செங்கல் சுவருக்குள்ளே சோபியா தேவாலயம் நிற்கிறது. 1045இல் தொடங்கி 1050இல் கட்டி முடித்தார்கள். அதன் நடுக் கோபுரம் தங்க நிறத்தில் மின்னும்.

அந்தக் காலத்தில் இது பெரிய வணிக ஊர். முக்கியமான முடிவுகளை மக்கள் சபை கூடி எடுக்கும். சபை கூட ஒரு மணி அடிப்பார்கள். 1478இல் மாஸ்கோவின் அரசர் மூன்றாம் இவான் நோவ்கொரோத்தைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டார். அந்த மணியையும் கழற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார். மணி போனது. சபையும் போனது.

இரண்டாம் உலகப் போரில் ஊர் மேலும் அடிபட்டது. 1941 முதல் 1944 வரை ஜெர்மன் படை இங்கே இருந்தது. போர் முடிந்தபோது பெரும்பாலான வீடுகள் தரைமட்டமாகியிருந்தன. மக்கள் ஊரை மறுபடி கட்டினார்கள்.

அப்போது ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். கீழே பழைய தெருக்கள் இருந்தன. மரக்கட்டைகளை வரிசையாகப் போட்ட தெருக்கள். சேறு ஏறியதும், பழைய கட்டைகளின் மேலேயே புதிய கட்டைகளைப் போட்டிருக்கிறார்கள். ஒரே தெருவில் 28 அடுக்குகள்!

1951 ஜூலை 26 அன்று, தோண்டும் வேலையில் இருந்த நீனா அகுலோவா என்ற பெண் ஒரு சுருளைக் கண்டெடுத்தார். அது பிர்ச் என்ற மரத்தின் பட்டை. உற்றுப் பார்த்தார். அதில் எழுத்துகள் இருந்தன. கிராமங்கள் செலுத்த வேண்டிய பங்குகளின் பட்டியல் அது.

பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதியதைப் போல, இவர்கள் மரப்பட்டையில் கூரான முனையால் கீறி எழுதினார்கள். மை தேவையில்லை. காகிதமும் தேவையில்லை. படித்த பிறகு தெருவில் எறிந்துவிட்டார்கள். ஈரக் களிமண் அதைக் காப்பாற்றியது. காற்றுப் படாததால் பட்டை மக்கவில்லை. இதுவரை அந்த ஊரில் 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்துள்ளன.

அந்தக் காலத்தில் சாதாரண மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றுதான் முன்பு பலர் நினைத்திருந்தார்கள். மண்ணிலிருந்து வந்த கடிதங்களோ வேறு கதை சொல்லின. கடன் கொடுத்தவர் எழுதியிருக்கிறார். வணிகர் எழுதியிருக்கிறார். பெண்களும் எழுதியிருக்கிறார்கள்.

போரிஸ் என்பவர் வெளியூரிலிருந்து நாஸ்தாசியா என்ற பெண்ணுக்கு எழுதினார். இங்கே வேலை அதிகம், குதிரையில் ஓர் ஆளை அனுப்பு என்றார். கூடவே ஒரு சட்டையும் கொடுத்தனுப்பச் சொன்னார். சட்டையை எடுத்துவர மறந்துவிட்டாராம்! எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

இன்னொரு கடிதமும் கிடைத்தது. அது நாஸ்தாசியா தன் சகோதரர்களுக்கு எழுதியது. போரிஸ் உயிரோடு இல்லை என்று அதில் இருந்தது. தன்னையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார். இரண்டும் ஒரே கணவன் மனைவியின் கடிதங்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சகோதரர்கள் வந்தார்களா? மண் அதைச் சொல்லவில்லை.

1956இல் ஒரு சிறுவனின் பட்டைகள் கிடைத்தன. அவன் பெயர் ஒன்ஃபிம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். வயது ஆறு, ஏழு இருக்கலாம். ஒரு கூடையின் அடிப்பட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதியிருக்கிறான். 'பா, வா, கா' என்று எழுத்துக்கூட்டியும் பழகியிருக்கிறான். இன்னொரு பட்டையில் சில எழுத்துகள்தான் எழுதினான். அதற்குள் அலுத்துவிட்டது போலும்! குதிரை மேல் ஒரு வீரனை வரைந்தான். அவன் கையில் ஈட்டி. கீழே விழுந்து கிடக்கிறான் எதிரி. வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயரையே எழுதிவைத்தான்: ஒன்ஃபிம்.

கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. மரப்பட்டைக் கடிதங்களைப் பயணிகள் அங்கே பார்க்கலாம்.

பயிற்சி: போரிஸ் என்ன பொருளை மறந்துவிட்டார்? நீங்கள் வெளியூர் போன இடத்தில் எதையாவது மறந்ததுண்டா? அதைக் கேட்டு வீட்டுக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.