மழைக்கு முன் மீன் தொட்டியின் உயிர் வடிகட்டியைச் சீர் செய்தல்

செம்பாக்கம், தாம்பரம் சுற்று வட்டாரங்களில் வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டித் திலேப்பியாவோ தங்கமீனோ வளர்ப்போர், புரட்டாசி மாதத்திலேயே வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். குளிர் நாடுகளில் நீரின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது மீன் தீனி எடுப்பதில்லை. அங்கு வடிகட்டியை நிறுத்தி வைப்பதும் உண்டு. அந்த முறை நமக்கு ஒத்து வராது. மார்கழி இரவிலும் இங்கு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. மீன் தின்கிறது, கழிவும் சேர்கிறது. நம் வடிகட்டிக்குக் கேடு பனியால் அன்று, வடகிழக்குப் பருவ மழையால்தான்.

உயிர் வடிகட்டி என்பது 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் முக்கால் அங்குல ஜல்லியை நிரப்பி, பம்பு மூலம் தொட்டி நீரைச் சுற்ற விடுவதுதான். ஜல்லியின் மேல் வழவழப்பாகப் படியும் பாக்டீரியாக்களே உண்மையான வடிகட்டி. இவற்றில் ஒரு வகை மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை அதிகக் கேடற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ நான்கரை கிராம் பிராணவாயுவும், சுண்ணாம்புக் கணக்கில் 7 கிராம் காரத்தன்மையும் செலவாகின்றன.

மழை நீரில் காரத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 49 செ.மீ. மழை கொட்டியது. மூன்றடி நீர் நிற்கும் தொட்டிக்கு இது அதன் நீரில் பாதிக்கு மேல். இவ்வாறு நீர் வலுவிழந்து, கார அமில நிலை 6.5க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியாவின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். தொட்டி தெளிவாகவே இருக்கும், ஆனால் அம்மோனியா ஏறிக் கொண்டிருக்கும்.

ஆகவே சுடாத கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி டிரம்மில் போட்டு வைக்கவும். இது மெதுவாகக் கரையும். அவசரத்துக்குச் சமையல் சோடா உதவும். 10 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி நீர் ஆழமுள்ள தொட்டியில் சுமார் 6,800 லிட்டர் நீர் இருக்கும். 230 கிராம் சோடாவை வாளி நீரில் கரைத்து ஊற்றினால் காரத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராம் உயரும். சுட்ட சுண்ணாம்பை மீன் உள்ள தொட்டியில் போடலாகாது. கார நிலை திடீரென எகிறி, இருக்கும் அம்மோனியா நஞ்சாகிவிடும்.

ஜல்லியைக் கழுவும்போது பாதியை மட்டும் கழுவவும். மறுபாதியை மூன்று வாரம் கழித்துக் கழுவலாம். தொட்டி நீரையே பயன்படுத்த வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். புதிதாக அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும், அதற்குள் மழை வந்துவிடும். கழுவிய சேற்று நீரை வாழைக்கும் கத்தரிக்கும் விடுங்கள், வீணாக்க வேண்டாம்.

முற்றத்து நீர் புகாதபடி தொட்டி விளிம்பை இரண்டு வரிசைச் செங்கல்லால் உயர்த்தவும். வழிவுக் குழாய்க்குச் சிறு கண் வலை கட்டாயம் வேண்டும். நம் பகுதி நீர் செம்பாக்கம் ஏரி, நன்மங்கலம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்த நிலத்துக்கு நம் தொட்டியிலிருந்து திலேப்பியாவும் 'துப்புரவு மீனும்' போய்ச் சேருவது நல்லதன்று.

புயலில் மின்சாரம் நின்றால் சில மணி நேரத்திலேயே ஜல்லிக்குள் பிராணவாயு தீர்ந்துவிடும். டிரம்மின் அடியில் ஒரு குழாய் வைத்திருந்தால் நீரை வடித்துவிட்டு ஜல்லியை ஈரமாக, காற்றோட்டமாக வைக்கலாம். இல்லையெனில் பம்பை மீண்டும் ஓட்டுமுன் அழுகிய வாடையுள்ள நீரை வெளியே கொட்டிவிட வேண்டும், தொட்டிக்குள் விடக் கூடாது. மின்சாரம் வரும் வரை தீனியை நிறுத்தவும். மூடாக்கான நாட்களில் பாதித் தீனி போதும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று தீனியே வேண்டாம். கால் பங்கு நீரை மாற்றிவிட்டு, அம்மோனியாவையும் காரத்தன்மையையும் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் பார்த்துக் கொள்ளவும்.