சீனன்குடாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு: தூரமும் நேரமும்

"கட்டுநாயக்க எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் எங்கள் ஊரார் கிலோமீற்றரில் பதில் சொல்வதில்லை. "ஆறு மணித்தியாலம்" என்பார்கள். தூரமும் நேரமும் ஒன்றா? இரண்டு விமான நிலையங்களை வைத்துக் கணித்துப் பார்ப்போம்.

சீனன்குடா விமான நிலையம் திருகோணமலைத் துறைமுகத்தின் கரையோரமாகவே உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது பிரித்தானிய விமானப்படைத் தளம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்துடன் அதனையும் தாக்கின. இன்று அது இலங்கை விமானப்படையின் தளம். வெளிநாடு செல்லும் நம் மாவட்டத்தவர்கள் கட்டுநாயக்கவுக்கே போகவேண்டும்.

1. நேர்கோட்டுத் தூரம்

சீனன்குடா வடக்கு 8 பாகை 32 கலை, கிழக்கு 81 பாகை 11 கலையில் அமைந்துள்ளது. கட்டுநாயக்க வடக்கு 7 பாகை 11 கலை, கிழக்கு 79 பாகை 53 கலையில் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கலைகள். வடக்குத் தெற்காக ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களும் இந்த அளவையே பயன்படுத்துகின்றன.

வடக்குத் தெற்கு வித்தியாசம் 81 கலை. கிழக்கு மேற்கு வித்தியாசம் 78 கலை. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், 78ஐ 8 பாகையின் கோசைனால் (0.99) பெருக்க வேண்டும், 77 கிடைக்கும். இனிப் பைதகரஸ் தேற்றம்: 81இன் வர்க்கத்தையும் 77இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 112 கடல் மைல். அது 207 கிலோமீற்றர்.

மணிக்கு 300 கிலோமீற்றர் செல்லும் சிறு விமானம் ஒன்று இதனை முக்கால் மணித்தியாலத்துக்குள் பறந்துவிடும்.

2. தரைவழித் தூரம்

ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 245 கிலோமீற்றர். நேர்கோட்டை விட 38 கிலோமீற்றர்தான் அதிகம். ஆனால் ஆறு மணித்தியாலம் ஆகிறது. சராசரி வேகம் மணிக்கு 41 கிலோமீற்றர்.

3. கடல் கடந்த தூரம்

கட்டுநாயக்கவிலிருந்து தோஹா ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். இவ்வளவு நீண்ட தூரத்துக்குப் பைதகரஸ் போதாது. பூமி உருண்டை என்பதால் கோள முக்கோணக் கணிதம் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கிப்லாவின் திசையைக் கணிக்க அல்பிரூனி போன்ற அறிஞர்கள் கையாண்டதும் இத்தகைய கணிதமே. அந்தத் தூரத்தை விமானம் சுமார் ஐந்து மணித்தியாலத்தில் கடக்கிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து ஆறு, விமான நிலையத்தில் காத்திருப்பு மூன்று, பறப்பது ஐந்து. மொத்தம் பதினான்கு மணித்தியாலம். பயணத்தின் மிகக் குறுகிய பகுதியே மிக நீண்ட நேரத்தை எடுக்கிறது. வீட்டுப் பணிக்குச் செல்லும் தாய்மாரும், விடுமுறை முடிந்து திரும்பும் தந்தைமாரும், உம்றாவுக்குச் செல்லும் முதியவர்களும் புறப்படும் முன்பே களைத்துப்போவது இதனால்தான். பத்து நாள் விடுமுறையில் வருபவருக்குப் போக வர ஒரு நாள் வீதியிலும் காத்திருப்பிலுமே கழிகிறது.

2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தவர் வடக்கே உள்ள சென்னைக்குச் செல்லத் தெற்கே கட்டுநாயக்க வரை வரவேண்டியிருந்தது. பலாலி வடக்கு 9 பாகை 48 கலை, கிழக்கு 80 பாகை 4 கலை; சென்னை வடக்கு 12 பாகை 59 கலை, கிழக்கு 80 பாகை 10 கலை. தூரத்தை நீங்களே கணித்துப் பாருங்கள். ஏறத்தாழ 354 கிலோமீற்றர் வரும். அங்கே தூரம் மாறவில்லை, வழி திறந்தது. சீனன்குடாவில் ஓடுபாதை ஏற்கெனவே இருக்கிறது. நமக்கும் வேண்டியது அப்படியொரு வழிதான்.